கரண்டி நட்டால் நிற்கணும்

போன இதழில் மலைவாழைப்பழ ஸ்மூத்தியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். பாயசம் மாதிரி இனிக்கும், காலையில் ஒரு டம்ளர் குடித்தால் மத்தியானம் வரை பசி எடுக்காது என்று. அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கீழே வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், அந்தப் பக்கம் குன்னூர் வரைக்கும் மிக்ஸி ஓடியிருக்கிறது, பாதிப் பேருக்குச் சரியாக வரவில்லை. ஊறுகாய்க் கேள்வி அனுப்பியவர்கள் மன்னிக்கவும், இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, நாலு மலைப்பழம், ஒரு டம்ளர் பால், ஐஸ் கட்டி எல்லாம் போட்டு அடித்தேன். மேலே நுரை, கீழே தண்ணி. என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "வாழைப்பழம் போட்ட மோரா?" என்று கேட்டார். கெட்டியாக வர என்ன செய்யணும்? (பெருமாள்மலை வாசகி)

பதில்: ஐஸ் கட்டியை நான் போடச் சொல்லவே இல்லையே! சந்தேகத்துக்குப் போன இதழை எடுத்து மறுபடி படித்தேன், இல்லை. ஜூஸ் கடையில் பார்த்துப் பார்த்து நமக்குக் கை தானாக ஐஸ் ட்ரே பக்கம் போய்விடுகிறது. ஐஸ் என்றால் என்ன, தண்ணீர்தானே. அடித்து முடித்த அடுத்த நிமிடமே உருக ஆரம்பிக்கும், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பழம் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்.

பழனிப் பஞ்சாமிர்தத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சம்பழம், கற்கண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்தில் இருக்கிற ஈரம்தான் மொத்த ஈரமும். அதனால்தான் உள்ளங்கையில் வாங்கினாலும் வழியாமல் நிற்கிறது, சட்டென்று கெடுவதும் இல்லை. பழமும் அதற்கு ஏற்ற பழம். விருப்பாச்சி, சிறுமலை என்கிற இரண்டு மலைவாழை ரகங்களும் சமவெளிப் பழங்களைவிட ஈரம் குறைந்தவை, சதை இறுகலாக இருக்கும், இனிப்புக்கு அடியில் மெல்லிசாக ஒரு புளிப்பு ஓடும். இரண்டுக்குமே புவிசார் குறியீடு உண்டு, பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் கிடைத்தது. முடிக்கொத்து நோய் வந்து இந்த மலையில் தோட்டம் தோட்டமாக வாழை அழிந்த கதை உங்கள் மாமியாருக்கே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு மலைப்பழம் குறைந்துபோய் விலையும் ஏறிவிட்டது, ஆகவே கடைக்காரர் மலைப்பழம் என்று நீட்டுவதெல்லாம் மலைப்பழம் ஆகாது. வாசனை பிடித்து வாங்குங்கள்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். நாலைந்து பழம், தோலில் கரும்புள்ளி விழுந்து நன்றாகக் கனிந்ததாக. உரித்து, அரை அங்குல வில்லைகளாக நறுக்கி, ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இறுகியதும் எவர்சில்வர் டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். ஐஸ் செய்ய வேண்டிய வேலையை இனி பழமே செய்யும், உருகினாலும் தண்ணீராக ஓடாது, கூழாகத்தான் ஆகும். காலையில் ஜாரின் அடியில் முதலில் பால், அதுவும் 100 மில்லி, காப்பி டம்ளரில் முக்கால். அதன்மேல் துணியில் வடித்த கெட்டித் தயிர் மூன்று கரண்டி, ஊறவைத்த பேரீச்சம்பழம் இரண்டு, எல்லாவற்றுக்கும் மேலே உறைந்த பழம். வரிசை முக்கியம். பழம் அடியில் போனால் பிளேடு மாட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது பல்ஸ் பக்கம் ஐந்தாறு தடவை விட்டு விட்டுத் திருப்புங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. உள்ளே பார்த்தால் ரவை மாதிரி உதிர்ந்து கிடக்கும், பால் எங்கே போனது என்றே தெரியாது. எல்லோரும் பயந்துபோய் இன்னும் அரை டம்ளர் பாலை ஊற்றுவது இந்த இடத்தில்தான். ஊற்றாதீர்கள்! மிக்ஸியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கரண்டியால் ஓரத்தில் ஒட்டியதை நடுவே தள்ளிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். உதிரி உதிரியாக இருந்தது திடீரென்று திரளும், மாவு வெண்ணெய் ஆனது மாதிரி பளபளப்பு வரும், மிக்ஸியின் சத்தமே கட்டைக் குரலாக மாறும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடணும். அதற்கு மேல் ஓட்டினால் பிளேடு சூட்டில் இளகிவிடும், காற்று ஏறி நுரைக்கும், அதைத்தான் உங்கள் மாமியார் மோர் என்றது. டம்ளரில் ஊற்றிக் கரண்டியை நட்டுப் பாருங்கள். சாயாமல் நின்றால் சரி.

பால் கொஞ்சம் போதவில்லை என்று தோன்றினால் ஒரு மேசைக்கரண்டி, திரும்பவும் ஒரு மேசைக்கரண்டி. பாக்கெட்டைச் சாய்த்து ஊற்றும் பழக்கம் வேண்டாம்.

கேள்வி: உறைந்த பழத்தைப் போட்டதும் என் மிக்ஸி "உம்" என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. புகையெல்லாம் இல்லை. புது மிக்ஸி வாங்கச் சொல்கிறீர்களா? (பண்ணைக்காடு வாசகர்)

பதில்: வேண்டாம். மிக்ஸியைத் தூக்கி அடியில் பாருங்கள், சின்னதாகச் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். பாரம் தாங்காமல் போனால் மோட்டார் எரிந்துவிடாமல் அது வெளியே வந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் பாதியை வெளியே எடுத்துவிட்டு, பொத்தானை உள்ளே அழுத்தினால் ஓடும். அடுத்த முறை பழத்தை ஃப்ரீசரிலிருந்து எடுத்து மூன்று நான்கு நிமிடம் மேடையில் வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். முழுப் பழமாக உறையவைப்பவர்கள் அதை உடைக்கப் படும் பாடு தனிக் கதை, நான் ஒரு தடவை அம்மிக்குழவியை எடுத்திருக்கிறேன். 500 வாட் மிக்ஸி என்றால் ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் அளவுதான். சின்னச் சட்னி ஜார் இதற்கு நன்றாக வரும், பெரிய ஜாரில் கொஞ்சமாகப் போட்டால் எல்லாம் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு பிளேடு வெறுமனே சுற்றும்.

கேள்வி: எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் சரியாக வேலை செய்யவில்லை, போதாக்குறைக்கு மழை பெய்தால் கரண்ட் போய்விடும். உறையவைக்காமல் கெட்டியாக்க வழி உண்டா? இன்னொன்று, மார்கழியில் வாங்குகிற வாழைப்பழம் தோல் கறுத்துப் போகிறது, உள்ளே பார்த்தால் காய். ஏன்? (கொடைக்கானல், நாயுடுபுரம்)

பதில்: இரண்டாவதை முதலில் சொல்கிறேன். வாழைப்பழத்துக்குக் குளிர் ஆகாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், பழுப்பதும் நின்றுபோகும். உங்கள் ஊரில் மார்கழி ராத்திரி அதைவிடக் கீழேதான். சீப்பை நாலைந்து செய்தித்தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து, பானையை அடுப்புப் பக்கம் வைத்துவிடுங்கள். பழுத்த பிறகு ஃப்ரீசரில் வைத்தால் பரவாயில்லை, காயாக இருக்கும்போதுதான் குளிர் படக்கூடாது.

உறையவைக்காமல் கெட்டியாக்க எனக்குத் தெரிந்த முதல் வழி வடித்த தயிர். அரை லிட்டர் தயிரை மல் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டால் காலையில் பாதிக்கும் குறைவாக, வெண்ணெய் மாதிரி கிடைக்கும். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவில் ஊற்றிப் பிசையுங்கள், சப்பாத்தி மெத்தென்று வரும். மலையில் தயிரே உறையமாட்டேன் என்கிறது என்பீர்கள். பால் கைபொறுக்கிற சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றி ஹாட்பாக்ஸில் மூடி வையுங்கள்.

அடுத்தது ஓட்ஸ். இரண்டு மேசைக்கரண்டி ஓட்ஸை லேசாக வறுத்துப் பொடித்து, பாலில் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு அதோடு பழத்தை அடித்தால் கூழ்ப்பதம் வரும். ஓட்ஸில் இருக்கிற ஒரு வகை நார் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வழுவழுப்பாகிவிடும், அதுதான் சூட்சுமம். ஊறாமல் போட்டால் தொண்டையில் உமி மாதிரி உரசும். சப்ஜா விதையை அடிக்கவே கூடாது, தனியே தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடி மணி மாதிரி உப்பியதும் கடைசியில் கலக்கணும். மதுரைப் பக்கத்துக்காரர்கள் ஜிகர்தண்டாவுக்குப் போடும் பாதாம் பிசினும் அப்படித்தான். ராத்திரி இரண்டு கட்டி ஊறப்போட்டால் காலையில் ஒரு கிண்ணம் நிறைய இருக்கும், முதல் தடவை போடுகிறவர்கள் ஐந்தாறு கட்டி போட்டுவிட்டு வீடு முழுக்கப் பிசினோடு அலைவார்கள்.

கேள்வி: கெட்டியாக வந்துவிட்டது. ஆனால் சத்துமாவு குடிக்கிற மாதிரி இருக்கிறதே தவிர ஸ்வீட் சாப்பிட்ட திருப்தி இல்லை. சர்க்கரையைக் கூட்டினால் திகட்டுகிறது. (கொடைக்கானல் கல்லூரி மாணவி)

பதில்: நல்ல கேள்வி, ஏனென்றால் நிறையப் பேர் சர்க்கரையைத்தான் கூட்டுகிறார்கள். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு மட்டுப்பட்டுத்தான் தெரியும். ஐஸ்கிரீம் உருகினபிறகு குடித்தால் தெவிட்டுகிறதே, அதே சர்க்கரைதான், குளிர் மட்டும் போயிருக்கிறது. ஆகவே சர்க்கரையோடு மல்லுக்கட்டாமல் மூன்று வேலை செய்யுங்கள். பழம் நன்றாகக் கனிந்திருக்கட்டும். ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள், பாயசத்துக்கு உங்கள் ஆச்சி போட்டிருப்பார். அப்புறம் வாசனை. ஏலக்காயோ பட்டையோ ஜாதிக்காயோ வெனிலாவோ, மூக்கு "ஸ்வீட்" என்று சொல்லிவிட்டால் நாக்கு நம்பிவிடும். கொடைக்கானலில் ஏலக்காய்க்கா பஞ்சம், பச்சைக் காயாகவே கிடைக்குமே.

நான் அடிக்கடி செய்வது பஞ்சாமிர்த ஸ்மூத்தி. இதில் நான் முதலில் கோட்டைவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். நெய் மணக்கட்டும் என்று ஒரு கரண்டி உருக்கி நேராக ஜாரில் ஊற்றினேன். உறைந்த பழத்தில் பட்டதும் நெய் மணல் மணலாக இறுகிப்போய், குடிக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் மேலண்ணத்தை நாக்கால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளி வேறு. இப்போது இப்படிச் செய்கிறேன். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் நாலு, அரைத் தேக்கரண்டி நெய்யில் ஒரு புரட்டு. நாலு மேசைக்கரண்டி சுடுபால் விட்டு ஊறவைத்து, ஏலக்காய், ஒரு தேக்கரண்டி நாட்டுச்சர்க்கரை சேர்த்து ஆறியதும் மை மாதிரி அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். நெய் அந்த விழுதுக்குள் கலந்துவிடுகிறது, தனியாகப் பிரிந்து உறைவதில்லை. காலையில் உறைந்த மலைப்பழத்தோடு இந்த விழுது, கொஞ்சமே கொஞ்சம் பால். மேலே ஒரு சொட்டுத் தேன், உடைத்த கற்கண்டு நாலு. கற்கண்டு கடிபடணும், பஞ்சாமிர்தத்தில் பாதிச் சுகம் அதுதானே. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் சேர்ந்த எதையும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பையன் காலை ஏழு மணிக்கு பஸ் பிடித்து வத்தலக்குண்டுக்குப் படிக்கப் போகிறான். இட்லி இறங்கமாட்டேன் என்கிறது. ஸ்மூத்தி கொடுத்தால் பத்து மணிக்கே பசிக்கிறது என்கிறான். (பெரும்பாறை)

பதில்: பழமும் பாலும் மட்டும் என்றால் பசிக்கத்தான் செய்யும். வயிறு நிற்கணும் என்றால் புரதமும் கொஞ்சம் கொழுப்பும் நாரும் உள்ளே போகணும். அதற்குக் கடையில் டப்பா பவுடர் வாங்க வேண்டியதில்லை. வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம் இருக்கும், அதில் ஏழெட்டு கிராம் புரதம். பால் 200 மில்லியில் ஆறேழு கிராம். வடித்த தயிர் மூன்று கரண்டி சேர்ந்தால் இன்னும் நாலைந்து. கூட்டிப் பாருங்கள், ஒரு முட்டையில் இருப்பது போல இரண்டரை, மூன்று மடங்கு. கடலையை முதலில் தனியே ஓட்டி, எண்ணெய் கசிகிற வரை அரைத்துக்கொண்டு அப்புறம் மற்றதைச் சேர்க்கணும், இல்லாவிட்டால் பல்லில் நிற்கும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பொட்டுக்கடலை, அதுவும் கெட்டியாக்கும்.

இன்னொரு வழி, எனக்கு இதுதான் பிடித்தது. கேழ்வரகு. இரண்டு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி நன்றாக வேகவைத்து ராத்திரியே ஆறவைத்துவிடுங்கள். காலையில் களி மாதிரி இறுகிக் கிடக்கும். அதோடு உறைந்த பழம் இரண்டு, கோகோ பவுடர் ஒரு மேசைக்கரண்டி, கருப்பட்டிப் பாகு, உப்புச் சிட்டிகை, பால் அளவாக. அடித்து எடுத்தால் சாக்லேட் புட்டிங்தான், கேழ்வரகின் நிறமும் கோகோவின் நிறமும் ஒன்றாகப் போவதால் பையனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியப்போவதில்லை. பச்சை மாவை மட்டும் அப்படியே போட்டுவிடாதீர்கள், வயிறு உப்பிக்கொள்ளும், வாயிலும் மண் வாசனை அடிக்கும்.

அவன் அதை மடக் மடக்கென்று குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினால் பலன் பாதிதான். கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூன் போட்டுக் கொடுங்கள், மேலே கொஞ்சம் பொரி, வறுத்த முந்திரி. மென்று சாப்பிட்டால்தான் சாப்பிட்டதாக வயிறு ஒத்துக்கொள்ளும். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு திரும்பும்போது வெறும் திரவம் வயிற்றில் குலுங்குவதும் அவ்வளவு நல்லதில்லை, அனுபவம்.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வைத்த பட்டர் ஃப்ரூட் மரம் காய்த்துக் கொட்டுகிறது. ஸ்மூத்தி போட்டால் ஒரு தடவை அமிர்தம், ஒரு தடவை கசப்பு. (தாண்டிக்குடி)

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள், சென்னையில் இதை எடை போட்டுத் தங்கம் மாதிரி விற்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் டிகேடி-1 என்ற பட்டர் ஃப்ரூட் ரகமே வந்தது. இந்தக் காய் மரத்தில் இருக்கிற வரை பழுக்காது, பறித்தபிறகுதான் மெல்ல இளகும். நீங்கள் பறித்த மறுநாளே வெட்டியிருப்பீர்கள், அதுதான் கசப்பு. பழுத்த வாழைப்பழத்தோடு ஒரே பையில் போட்டுவைத்தால் சீக்கிரம் பழுக்கும். காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் வெண்ணெய்க் கட்டி மாதிரி லேசாகக் குழியணும். சூடுபடுத்தினாலும் கசக்கும், எனவே சுடுபாலோடு அடிக்காதீர்கள். கொட்டையை ஒட்டிய பழுப்புத் தோலையும் சுரண்டிப் போட வேண்டாம்.

இரண்டு டம்ளருக்கு அரைப் பழம் போதும். இனிப்பே இல்லாத பழம் இது, ஆனால் நூறு கிராமில் பதினைந்து கிராம் கொழுப்பு, அதனால்தான் கிரீம் ஊற்றியது போல வருகிறது. கூட ஒரு மலைப்பழமும் கருப்பட்டியும், நாலு சொட்டு எலுமிச்சையும் சேருங்கள். எலுமிச்சை நிறம் கறுக்காமல் காக்கும். மிஞ்சியதைக் கூழாக்கி ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவையுங்கள், காய்ப்பு முடிந்தபிறகும் ஒரு மாதம் ஓட்டலாம். இதற்காவது அந்த ஐஸ் ட்ரே உதவட்டும்.

கேள்வி: பிளம்ஸ் சீசனில் பாலோடு அடித்தேன், திரிந்துபோய்விட்டது. பப்பாளியோடு அடித்து ஃப்ரிட்ஜில் வைத்தேன், சாயங்காலம் எடுத்தால் ஒரே கசப்பு. பால் கெட்டதா? (ஒட்டன்சத்திரம்)

பதில்: பால் மேல் தப்பில்லை. இரண்டும் வேறு வேறு காரணம். பிளம்ஸின் புளிப்பு பாலைத் திரியவைக்கும், ஆரஞ்சும் பேஷன் ஃப்ரூட்டும் அப்படித்தான். அதற்குப் பாலை விட்டுவிட்டுத் தயிர், இல்லை தேங்காய்ப்பால். எங்கள் வீட்டில் பிளம்ஸைக் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போட்டுச் சுண்டவிட்டு, ஆறவைத்து, தயிர் ஸ்மூத்தியின் நடுவில் ஒரு கரண்டி ஊற்றிவிடுவோம், வெள்ளையும் சிவப்புமாகக் கோடு ஓடும். பப்பாளி கதை வேறு. அதில் இருக்கிற என்ஸைம் பாலின் புரதத்தை உடைத்துக்கொண்டே இருக்கும், உடைந்த துண்டுகள்தான் கசக்கின்றன. அன்னாசியும் கிவியும் இதே ஜாதி. அடித்த உடனே குடித்துவிட்டால் தெரியாது, வைத்தால் தெரியும். உறையவைத்தாலும் அந்த என்ஸைம் சாகாது. அன்னாசியை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டுப் போடலாம்.

கேள்வி: இந்தக் குளிரில் சில்லென்று யார் குடிப்பது? என் வீட்டுக்காரர் கம்பளிக்குள் இருந்து கையையே நீட்டமாட்டார். சூடாகச் செய்ய முடியாதா? (பூம்பாறை)

பதில்: முடியும், ஆனால் சுடுபாலை மிக்ஸியில் ஊற்றி மூடி ஓட்டிவிடாதீர்கள். நான் ஓட்டியிருக்கிறேன். உள்ளே ஆவி கிளம்பி மூடி பறந்து, வாழைப்பழம் கூரை வரை போனது, கையில் கொப்புளம் ஒரு வாரம் இருந்தது. பழம், ஓட்ஸ், கடலை எல்லாவற்றையும் குளிர்ந்த பாலில் கெட்டியாக அரைத்துக்கொண்டு, அப்புறம் பாத்திரத்தில் ஊற்றி இளஞ்சூடு வருகிற வரை கிண்டுங்கள், கொதிக்க வேண்டாம். சுக்கும் மிளகும் ஒரு சிட்டிகை. உங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மலைப்பூண்டு இதில் வேண்டாம், அது புவிசார் குறியீடு வாங்கியதாகவே இருந்தாலும் சரி.

கேள்வி: எங்களுக்கு மலைவாழை கிடைப்பது கஷ்டம், கேரட்தான் மலையாகக் கிடைக்கிறது. அதில் ஏதாவது? (குன்னூர்)

பதில்: கேரட் அல்வா ஸ்மூத்தி. பச்சைக் கேரட்டை அடித்தால் சக்கைதான் வரும். குக்கரில் வேகவையுங்கள், திறந்த பாத்திரத்தில் நேரம் பிடிக்கும், ஏனென்றால் 2000 மீட்டர் உயரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. வெந்த கேரட் இரண்டை ஆறவைத்து உறையவைத்து, ஊறின முந்திரி பத்து, பேரீச்சம்பழம் மூன்று, ஏலக்காய், பால் 150 மில்லி விட்டு அடியுங்கள். மேலே நெய்யில் வறுத்த திராட்சை. பக்கத்தில் உங்கள் ஊர் வர்க்கி பிஸ்கட் ஒன்றை உடைத்துப் போட்டு அள்ளிச் சாப்பிட்டால் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: சர்க்கரை நோய் உள்ளவர்கள் குடிக்கலாமா? (பழனி)

பதில்: மேலே நான் எழுதிய எதையும் அப்படியே குடிக்க வேண்டாம். நாலு பழமும் பேரீச்சம்பழமும் சேர்ந்தால் அது இனிப்புப் பண்டம்தான், நாட்டுச்சர்க்கரையோ தேனோ கருப்பட்டியோ, எதுவாக இருந்தாலும் ரத்தத்தில் சர்க்கரைதான். பட்டர் ஃப்ரூட், வடித்த தயிர், பட்டைப் பொடி, உப்பு, வறுத்த பாதாம் நாலு, இவ்வளவோடு ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். விருந்தாளிகள் எட்டுப் பேருக்கு முதல் நாளே அடித்து வைக்கலாமா? (கொடைக்கானல், வட்டக்கானல்)

பதில்: அடித்து வைத்தால் வாழைப்பழம் பழுப்பாகிவிடும், பதமும் போகும். அடிக்காமல் பங்கு பிரித்து வையுங்கள். ஒரு டப்பாவில் ஒரு ஆளுக்கு வேண்டிய உறைந்த பழம், விழுது, கடலை எல்லாம் அளந்து ஃப்ரீசரில் எட்டு டப்பா. காலையில் டப்பாவுக்கு இரண்டு நிமிடம். முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததை அடியுங்கள், எட்டையும் அடித்து வரிசையாக வைத்துக்கொண்டு குளித்துவிட்டு வருகிறவர்களுக்காகக் காத்திருந்தால் கரண்டி நிற்காது. ஒவ்வொரு டப்பா முடிந்ததும் ஜாரில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று விட்டுக் கொட்டிவிடுங்கள். கடைசி டப்பா முடிந்ததும் அதே மாதிரி. வாழைப்பழம் பிளேடுக்கு அடியில் காய்ந்துவிட்டால் கோந்துதான், சாயங்காலம் சட்னி அரைக்கப் போகும்போது தெரியும்.